குத்துமதிப்பாகப் புரிந்தால் போதும்: பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் யார், எந்த ஊர், எந்தப் பள்ளி என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது, அதுதான் முறை. அதனால்தான் தபாலில் போடாமல் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே வகுப்பில் நின்று தொண்டை வறளப் பாடம் நடத்தியவர்களாகத்தான் இருப்பீர்கள். ஆகவே ப்ளூபிரிண்ட், புக் பேக், மினிமம் மெட்டீரியல் எல்லாம் என்னவென்று விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படித்துக்கொண்டே போகும்போது தெரியாத சொல் ஒன்று குறுக்கே வந்தால், முன்னும் பின்னும் இருப்பதை வைத்து அதன் பொருளை ஊகிக்க ஒரு பிள்ளைக்குத் தெரிகிறதா? இதை நம் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் கேட்பதே அபூர்வம். வினாத்தாளில் வராததை வகுப்பில் நடத்த எந்த ஆசிரியருக்கும் நேரம் இருக்காது. பத்து வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை, புதிய பத்தி ஒன்றைப் பார்த்ததும் முதல் தெரியாத சொல்லிலேயே நின்றுவிடுகிறது.

"ஏன், சொற்பொருளுக்கு ஆறு மதிப்பெண் கொடுக்கிறோமே" என்பீர்கள். உண்மைதான். ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினான்கில் முதல் மூன்று ஒத்த பொருள், அடுத்த மூன்று எதிர்ப்பொருள். வாக்கியம் கொடுத்து, ஒரு சொல்லை மட்டும் தனித்துக் காட்டி, கீழே நான்கு விடைகள். பார்வைக்குச் சூழலை வைத்துக் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்த வாக்கியம் பாடப்புத்தகத்தின் வாக்கியம். அந்தச் சொல்லும் அதன் விடையும் கைடில் ஜோடியாக அச்சாகி, ஜூன் மாதத்திலிருந்து ஸ்லிப் டெஸ்ட், திருப்புதல் தேர்வு என்று பிள்ளைகள் வாயில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைகள் வாக்கியத்தைப் படிப்பதே இல்லை. உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பாருங்கள். வாக்கியத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு அந்த ஒரு சொல்லையும் நான்கு விடைகளையும் மட்டும் காட்டுங்கள். சரியான விடை வந்துவிடும். அப்புறம் அந்த வாக்கியம் எதற்கு?

மனப்பாடத்தை நான் இளக்காரமாகப் பேசவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டை மனப்பாடம் செய்த வழிவந்தவர்கள் நாம். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் செய்யுளாக்கி, ஓசையோடு பிள்ளைகள் நெஞ்சில் ஏற்றினார்கள். ஆனால் நிகண்டு படித்தவர் அத்தோடு நிற்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு இலக்கியத்துக்குள் போனார். நம் பிள்ளைகள் கைடு ஜோடிகளைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வறைக்குப் போகிறார்கள், வெளியே வந்ததும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் பாடம் வாய்ப்பாகத்தான் இருக்கிறது. முதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கப் பயந்து பாறை விளிம்பில் தனியாக நிற்கும் கடற்பறவைக் குஞ்சின் கதை. அப்பாவும் அம்மாவும் அதைச் சுற்றி வந்து கிறீச்சென்று கத்திக் கூப்பிடுகிறார்கள், 'அப்பிரெய்ட்' செய்கிறார்கள், பறக்காவிட்டால் இங்கேயே பட்டினி கிட என்று மிரட்டுகிறார்கள். மூன்று செயல்கள் வரிசையாக வருகின்றன. முன்னால் கத்தல், பின்னால் மிரட்டல். நடுவில் இருப்பது கொஞ்சலாக இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கும் எழாத பிள்ளையிடம் வீட்டில் நடப்பதும் இதே மூன்றுதான், ஏறக்குறைய இதே வரிசையில். பொறுமையாகக் கேட்டால் "திட்டுறாங்க டீச்சர்" என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வரும். கைடு தருகிற விடையும் அதுதான்.

அதே பாடத்தில் அண்ணன் பறவை முதல் மீனைப் பிடித்து, பாறைமேல் நின்று அதை 'டிவவர்' செய்கிறது. பிடித்த மீனை வேறென்ன செய்யும்? சாப்பிடுகிறது என்பது வரைக்கும் யாருக்கும் தெரிந்துவிடும். அவசர அவசரமாக, பேராசையோடு விழுங்குகிறது என்ற நுட்பம் பிறகு வரட்டும். ஆனால் பாடத்தைத் திறப்பதற்கு முன்பே இந்தச் சொற்களையெல்லாம் கரும்பலகையில் பொருளோடு எழுதிப் போட்டுவிடுகிறோம். ஊகிக்க எதையும் மிச்சம் வைப்பதில்லை. வினாத்தாள் அந்த ஜோடியைத்தான் கேட்கும் என்று தெரிந்த பிறகு வேறு எப்படி நடத்துவது?

எதிர்ப்பொருள் கேள்வியின் கதை இன்னும் மோசம். 'லைட்' என்பதற்கு எதிர்ப்பதம் என்ன? மூட்டை என்றால் ஒன்று, நிறம் என்றால் வேறொன்று. 'ஓல்ட்' என்பதற்குக் கட்டடத்துக்கு ஒரு எதிர்ப்பதம், மனிதருக்கு இன்னொன்று. சொல்லின் எதிர்ப்பதத்தைச் சூழல்தான் தீர்மானிக்கிறது என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பிள்ளையின் கையில் இருப்பது ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு எதிர்ச்சொல் என்ற அட்டவணை.

சரி, பாடத்துக்கு வெளியே இருந்து ஒரு பத்தி வருகிறதே, கடைசியில் 8 மதிப்பெண்ணுக்கு? பத்தி அல்லது கவிதை, ஏதாவது ஒன்று. அங்கேதான் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். இப்போது கீழே உள்ளதைப் படியுங்கள்.

"கிறுமன் விடிகாலையில் தவளிக்கு மூன்று முறுவைகள் கொடுத்தான். அவற்றை அவள் சேந்தையில் போட்டு நன்றாக நொய்த்தாள்."

கேள்வி: கிறுமன் யாருக்கு முறுவைகள் கொடுத்தான்? தவளிக்கு. எத்தனை? மூன்று. தவளி அவற்றை எங்கே போட்டாள்? சேந்தையில். போட்டு என்ன செய்தாள்? நன்றாக நொய்த்தாள். நான்கு கேள்வி, தலா இரண்டு மதிப்பெண், முழுதாக எட்டு. முறுவை என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போதுதான் நானே கட்டிய சொல். யார், எங்கே, எத்தனை, எப்போது என்று மட்டும் கேட்டால், கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து அந்த வரியை அப்படியே எழுதிவிடலாம். நாங்களே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம்: "கேள்வியில இருக்கிற வார்த்தை பத்தியில எங்க இருக்குன்னு பாரு, அந்த லைனை எழுது." விடைத்தாள் திருத்தும் முகாமில் அதற்கு முழு மதிப்பெண்ணும் போட்டாக வேண்டும், ஏனென்றால் விடை சரி.

பிள்ளை எதை இழக்கிறது என்பது பள்ளியை விட்டு வெளியே போன பிறகுதான் தெரிகிறது. வங்கி எழுத்தர் பணிக்கான ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. அத்தகைய தேர்வுகளில் ஒரு பத்தியைக் கொடுத்து, இந்தச் சொல் இந்தப் பத்தியில் என்ன பொருளில் வந்திருக்கிறது என்று கேட்பார்கள். அகராதிப் பொருள்கள் பலவும் விடைகளாக நிற்கும், பத்திக்குப் பொருந்துவது ஒன்றுதான். வெளிநாட்டில் செவிலியர் வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் எழுதுகிற ஐஇஎல்டிஎஸ் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள். அகராதிக்கு அனுமதி இல்லை. எந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து போனாலும் அதில் இல்லாத சொல் அங்கே வரும். பத்தாம் வகுப்பில் ஆறுக்கு ஆறு வாங்கிய பிள்ளை அங்கே போய் விழிக்கிறது.

அந்தப் பயிற்சி எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "ஊகம்" என்றதும் நம்மில் பலருக்கு இங்கி பிங்கி போட்டு விடையைத் தொடுவதுதான் நினைவுக்கு வருகிறது. அது குருட்டாம்போக்கு. நான் சொல்வது துப்பு வைத்துப் பிடிப்பது.

ஒரு சின்னப் பத்தி. கோடை முற்றியது. ஊர்க்கிணறு 'பிராக்கிஷ்' ஆகிவிட்டது. ஆடுகள்கூட அதில் வாய் வைக்கவில்லை. பெண்கள் குடத்தோடு பக்கத்து ஊர் வரை நடந்தார்கள். இதை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டு, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் கேட்டால் வகுப்பு இப்படிப் போகும். "வத்திப்போச்சு" என்பான் ஒருவன். கோடை என்று வந்திருக்கிறதே, நல்ல ஊகம்தான். உடனே இன்னொருத்தி, "தண்ணியே இல்லேன்னா ஆடு எதுல வாய் வைக்கும்?" என்று மடக்குவாள். சரி, தண்ணீர் இருக்கிறது, ஆனால் குடிக்க முடியவில்லை. "அழுகிப்போச்சு", "சாக்கடை கலந்துடுச்சு", "உப்புக் கரிக்குது டீச்சர்". எங்கள் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பதில் வீட்டுச் சங்கதி. அகராதியும் அதைத்தான் சொல்கிறது: உவர்ப்பான நீர். ஆனால் கவனியுங்கள், பெண்கள் ஏன் பக்கத்து ஊருக்கு நடந்தார்கள் என்ற கேள்விக்கு உப்பா, அழுக்கா என்பது தேவையே இல்லை. குடிக்க உதவாத தண்ணீர் என்று குத்துமதிப்பாகத் தெரிந்தால் போதும். எது வரை தெரிந்தால் போதும் என்று முடிவெடுப்பதும் இந்தத் திறமையில் பாதி. நம் பிள்ளைகளுக்கு யாரும் அந்த அனுமதியைத் தந்ததே இல்லை. தெரியாத சொல் ஒன்று இருந்தால் பத்தியே தெரியாது என்று நினைக்கப் பழக்கிவைத்திருக்கிறோம்.

இன்னும் சில சொல்லலாம். அந்தச் சொல் பெயரா, வினையா என்று இடத்தை வைத்துப் பார்ப்பது. 'பட்', 'தோ', 'அன்லைக்' வந்தால் எதிர்த்திசையில் ஏதோ இருக்கிறது என்றும், 'சச் ஆஸ்' வந்தால் உதாரணம் பின்னால் வருகிறது என்றும் உஷாராவது. இதெல்லாம் ஒரு பீரியடில் நடத்திவிடலாம்.

பொறிகளும் உண்டு. சொல்லை உடைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால், 'இன்வேல்யுவபிள்' என்பதை மதிப்பில்லாதது என்று பிள்ளை எழுதிவிடும். விலை மதிக்க முடியாதது என்று அதற்கு நேர் எதிர்ப்பொருள். அதனால் உடைத்துப் பார்த்த பிறகு வாக்கியத்துக்குள் திரும்பப் பொருத்திப் பார்க்கவும் பழக்க வேண்டும். தெரியாத சொல்லைவிட ஆபத்தானது, தெரிந்ததாகத் தோன்றுகிற சொல். தலைவர் கூட்டத்தை 'அட்ரஸ்' செய்தார் என்று வந்தால், கூட்டத்துக்கு ஏது முகவரி என்று யோசிக்காமல் முகவரி என்றே எழுதிவிட்டுப் போகிற பிள்ளைகள் எத்தனை! அந்தச் சொல் நம் தமிழ்ப் பேச்சிலேயே புழங்குகிறது, ஆகவே சந்தேகம் வருவதே இல்லை. தெரிந்த பொருள் இங்கே ஒட்டவில்லையே என்ற சந்தேகம் வருவதும் ஊகத்தின் ஒரு பகுதிதான்.

இதற்கு ஒரு எல்லை இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பத்தியில் இரண்டில் ஒரு சொல் தெரியாவிட்டால் எதை வைத்து எதை ஊகிப்பது? சொல்லறிவு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற நியூசிலாந்தின் பால் நேஷன் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வு, துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ளப் பத்தியில் ஏறக்குறைய 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. 95 சதவீதம் என்று சொன்ன ஆய்வும் அதற்கு முன்பு உண்டு. 200 சொல் உள்ள பத்தியில் தெரியாதவை நான்கு இருக்கலாம், மிஞ்சிப்போனால் பத்து. எங்கள் பள்ளியில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். சொல் வளமே வேண்டாம், ஊகம் போதும் என்று நான் சொல்லவில்லை. ஊகிக்கக்கூடிய பத்தியாகப் பார்த்துப் பொறுக்க வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது என்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நம் பாடப்புத்தகங்களில் வந்த சொற்களோடு ஒப்பிட்டால் பத்தியில் எத்தனை புதிய சொல் என்று எண்ணிவிடலாம். எந்தத் துப்பும் இல்லாத சொல் வந்தே தீர வேண்டும் என்றால், பத்தியின் கீழே அதன் பொருளைக் கொடுத்துவிடுங்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்விலேயே துறைச் சொற்களுக்கு அப்படிக் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுப்பதால் தரம் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்களிடமிருந்து வரக்கூடிய மறுப்பும் எனக்குத் தெரியும், அது நியாயமான மறுப்பு. மெல்லக் கற்கும் மாணவர்கள் 35 எடுப்பதே இந்த மனப்பாட மதிப்பெண்களால்தான். ஒரு மதிப்பெண் கேள்விகள், ஐந்து மதிப்பெண் மனப்பாடப் பாடல், வழிகாட்டும் வரைபடம், படத்தைப் பார்த்து எழுதுவது: இவற்றைக் கூட்டித்தான் அவர்களைக் கரை சேர்க்கிறோம். மார்ச் மாதத்துக்கு முன்னால் மாலை வகுப்பில் உட்கார்ந்து, "இந்த அறுபது ஜோடியை மட்டும் படிச்சுட்டு வா, பாஸ் பண்ண வைக்கிறேன்" என்று நானும்தான் சொல்கிறேன். அந்தப் பிடிமானத்தைப் பறித்துவிடாதீர்கள். அதனால்தான் ஆறையும் மாற்றச் சொல்லவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். ஆறில் மூன்று, ஒத்த பொருள் கேள்விகள் மூன்றும், இப்போது இருப்பது போலவே பாடத்திலிருந்து வரட்டும். எதிர்ப்பொருள் கேள்விகள் மூன்றுக்குப் பதிலாக, பாடத்தில் இல்லாத நான்கைந்து வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்து, அதில் மூன்று சொற்களுக்கு அடிக்கோடிட்டுப் பொருள் கேளுங்கள். நான்கு விடைகள் இருக்கட்டும். திருத்துவதற்குக் கூடுதல் வேலை கிடையாது. மூன்றில் ஒரு சொல் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாக, தெரியாத பொருளில் வந்ததாக இருக்கட்டும், நம் 'அட்ரஸ்' போல. விடைகளை அமைக்கும்போது அந்தச் சொல்லின் வேறு பொருள்களையே தவறான விடைகளாக வையுங்கள். அப்போதுதான் பத்தியைப் படிக்காமல் தப்பிக்க முடியாது.

கடைசியில் வரும் எட்டு மதிப்பெண் பத்தியில், நான்கு கேள்வியில் ஒன்றையாவது துப்புக் கேள்வியாக்குங்கள். அதாவது, "இந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள்? எந்தத் தொடரை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" பொருளுக்கு ஒன்று, துப்புக்கு ஒன்று. பொருளைச் சரியாக ஆங்கிலத்தில் எழுத வராத பிள்ளைகூட, ஆடு வாய் வைக்கவில்லை என்ற வரியை எடுத்து எழுதி ஒரு மதிப்பெண் வாங்கிவிடும். துப்பு பத்தியிலேயே இருப்பதால் விடைக்குறிப்பிலும் குழப்பம் வராது. பொருளுக்கு மட்டும், நெருங்கி வருகிற எல்லா விடைகளையும் ஏற்கச் சொல்லி விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 'உப்பு' என்று எழுதினாலும், 'குடிக்க முடியாதது' என்று எழுதினாலும், 'கெட்டுப்போனது' என்று எழுதினாலும் மதிப்பெண் உண்டு. இந்த வரி இல்லாவிட்டால் முகாமில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பில் இருக்கும் ஒரே சொல்லைத் தவிர மற்றதெல்லாம் சிவப்பு மையில் அடிபடும்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 20, பாடத்துக்கு வெளியே உள்ள பத்திகளுக்கே போகிறது. அவ்வளவு தூரம் நம்மை இழுத்துப்போகச் சொல்லவில்லை. மூன்றும் இரண்டும் சேர்த்து ஐந்து மதிப்பெண்தான் கேட்கிறேன்.

பொதுத்தேர்வில் நேரடியாகக் கொண்டுவரவும் வேண்டாம். திடீரென்று வினாத்தாளில் புதிதாக ஒன்று வந்தால் பெற்றோர் பதறுவார்கள், தொலைக்காட்சியில் விவாதம் நடக்கும், கடைசியில் கருணை மதிப்பெண்ணில் போய் முடியும். முதலில் ஒரு மாதிரி வினாத்தாள் வெளியிடுங்கள். அப்புறம் காலாண்டுத் தேர்வில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று எங்களிடம் கேளுங்கள். அரையாண்டில் திருத்திக்கொள்ளலாம். தேர்வு தொடங்கும்போது வினாத்தாளைப் படிக்கக் கொடுக்கிற பத்து நிமிடத்தையும் யோசித்துப் பாருங்கள். எந்தக் கேள்வி எந்தப் பாடத்தின் பின்னால் உள்ள புக் பேக் பயிற்சியிலிருந்து வந்தது என்று அடையாளம் காண்பதைத் தவிர இப்போது அந்த நேரத்தில் பிள்ளைக்கு வேலை இல்லை. இப்படி ஒரு பத்தி இருந்தால் அந்தப் பத்து நிமிடம் படிக்கிற நேரமாகும்.

மாதிரி வினாத்தாள் ஜூலைக்குள் கையில் கிடைத்தால், காலாண்டுத் தேர்வுக்குள் எங்கள் பிள்ளைகளைத் தயார் செய்துவிடுகிறோம். பத்திகள் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். கிணறு, ஆடு, உப்பளம், படகு என்று எங்கள் பக்கத்து விஷயங்களை வைத்தே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை,
அரசு உயர்நிலைப் பள்ளி,
இராமநாதபுரம் மாவட்டம்